பன்னிரண்டு புழுக்கள்

பக்கத்துத் தோட்டத்து நடீனுக்கு இரக்கமே கிடையாது என்று எங்கள் மலையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அதிகம் பேசியது நான்தான்.

பின்னே என்ன? அவள் கணவர் வெஸ்லிக்கு மே மாதம் பக்கவாதம் வந்தது. இடது கை தொங்கிவிட்டது. காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அந்த மனிதரைக் காலை எட்டு மணிக்கெல்லாம் எழுப்பி, கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, கஞ்சாத் தோட்டத்துக்குள் புழு பொறுக்க விரட்டுகிறாள்.

எங்கள் மலையில் கஞ்சா வளர்ப்பது சட்டப்படியான பிழைப்பு. செப்டம்பர் வந்தால் இங்கே எல்லோருக்கும் புழுக் கவலைதான். பூவுக்குள் புகுந்து தின்னும். அதன் எச்சத்தில் மூடுபனி ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பூவை உரிமம் பெற்று விற்கும் கடைக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள். எல்லாம் சரி. அதற்காக நோயாளியையா அனுப்புவது?

ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தேன். வெஸ்லி நான்கு வரிசையும் முடித்துவிட்டு, மூச்சு வாங்க வந்து டப்பாவை நீட்டினார். நடீன் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பதினொண்ணுதானா? முப்பது வருஷமா செடி வளர்த்தவராம், மலைக்கே வாத்தியாராம். போய் மறுபடி பாரு."

"ராணியம்மா உத்தரவு" என்று முனகிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அவள் மேல் இருந்த கோபத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. போன வாரம்தான் என் கணவர் கஸ், சாயங்காலமாகப் பார்த்து, இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து பாக்டீரியா மருந்து அடித்திருந்தார். அது புழுவின் வயிற்றை மட்டும் கெடுக்கும். மூன்று நாளில் கதை முடிந்துவிடும். எங்கள் செடிகளில் மருந்துக்கும் ஒரு புழு இல்லை. அங்கே மட்டும் தினம் ஒரு டஜன் எப்படி?

மருந்துக்கு மசியாத புது ரகமோ? வேலி தாண்டி வந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புழு இருந்தாலும் கவலைப்படுவாய், இல்லாவிட்டாலும் கவலைப்படுவாய் என்று கஸ் சிரித்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு நானே பார்த்துவிடலாம் என்று வேலியைத் தாண்டிப் போனேன்.

வரிசைக்குள் நடீன் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊறுகாய் பாட்டில். ஒரு கரண்டியால் அதிலிருந்து புழுவை எடுத்து, இந்தச் செடியில் ஒன்று, அந்தச் செடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனாள்.

பைத்தியம் பிடித்துவிட்டதா, கட்டினவன் மேல் கோபமென்றால் அடுத்த தோட்டக்காரி வயிற்றிலா அடிப்பாய் என்று கத்திவிட்டேன். அவள் ஓடிவந்து என் வாயைப் பொத்தி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

நடக்காவிட்டால் இந்தக் கால் இனி உதவாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். வெஸ்லி சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். நர்ஸ் வந்து சொல்லியும் எழவில்லை. போர்ட்லேண்டிலிருந்து மகள் போனில் அழுதும் எழவில்லை. நடந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டாராம். ஆகஸ்டில் ஒருநாள், பூவில் புழு கிடக்கிறது என்று நடீன் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். மனிதர் வெறுங்காலோடு எழுந்து தோட்டத்துக்கு வந்துவிட்டாராம்.

"தினம் நடந்தாரு மார்லா. உன் வீட்டுக்காரர் வந்து மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டாரு. ரெண்டு நாள் புழுவே இல்ல. மூணாம் நாள் மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாரு."

அதற்காக நீயே புழுவைக் கொண்டுவந்து வைப்பாயா என்று கேட்டேன்.

"பன்னிரண்டு வைக்கிறேன். பன்னிரண்டும் டப்பாவுக்குத் திரும்பி வந்தாத்தான் விடுவேன். ஒண்ணு தப்பிச்சாலும் செடி போயிடுமேன்னு எனக்கும் உள்ளுக்குள்ள நடுக்கம்தான். என்ன செய்யச் சொல்றே?"

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். வெஸ்லி விழும்வரை இந்தச் செடிகள் பக்கம் வந்ததே இல்லை. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்து, அவள் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். சோள ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வெஸ்லியைப் பார்க்கப் போனேன். மனிதர் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஊன்றுகோல் வரிசையின் தொடக்கத்திலேயே கிடந்தது.

இன்னுமா புழு இருக்கிறது என்று, ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

அவர் ஓர் இலையின் மேலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வெல்வெட் போலப் பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. அன்றைக்கு இருந்த கோபத்தில் நான் பாட்டிலை உற்றுப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன்.

"நீயும் செடி வளர்க்கிறவதானே மார்லா. சொல்லு, இது என்ன புழு?"

நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"முட்டைக்கோசுப் புழு. அவ காய்கறிப் பாத்தியில பொறுக்கினது. பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர, நம்ம செடியில வாய் வைக்காது. நம்ம புழு பூவுக்குள்ள ஒளியும். இது விருந்தாளி மாதிரி இலை மேல உக்காந்து எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

புழுவை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, அடுத்த செடிக்குக் காலை இழுத்து வைத்தார்.

"அவகிட்ட சொல்லிடாதே. நான் இதைத் தேடி நடந்தாத்தான் அவ நிம்மதியா தூங்குறா."