ஐந்தாவது நம்பர்

"பெட்டியை ரீசெட் பண்ணணும் மேடம். பண்ணா, உள்ள பதிஞ்சிருக்கற போன் நம்பரெல்லாம் அழிஞ்சிடும். பழைய லிஸ்ட்டைப் படிக்கிறேன். எதெல்லாம் வேணும்னு சொல்லுங்க, திரும்ப ஏத்திடறேன்."

மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

அந்தத் தெருவுக்கு டவர் அரைகுறையாகத்தான் எட்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் செல்போன் வெறும் கடிகாரம்தான். அதற்காக வாங்கிய சிக்னல் பெட்டி அது. இன்டர்நெட் ஒயரில் மாட்டிவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி டவர். ஆனால், அதில் பதிந்த நம்பர்களுக்கு மட்டும்தான் சிக்னல் கொடுக்கும். புது நம்பர் சேர்க்க, பதிந்த போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும்.

அவளுக்கு அது சோறு போடுகிற பெட்டி. ஒரு குரியர் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. காலையிலிருந்து பெட்டியில் சிவப்பு விளக்கு. வேலை படுத்துவிட்டது.

காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த பஸ் டிரைவர் கணவன், "லிஸ்ட்டெல்லாம் எதுக்கு தம்பி? நானே எழுதித் தர்றேன்" என்றான்.

அதற்குள் மெக்கானிக் படிக்க ஆரம்பித்துவிட்டான். முதல் நம்பர் அவளுடையது. இரண்டாவது கணவனுடையது. மூன்றாவது, காலேஜுக்குப் போயிருக்கும் மகளுடையது.

நாலாவதைப் படித்தான்.

"இது யாரோடது?" என்றாள் அவள்.

"தெரியல மேடம். மூணு மாசத்துக்கு முன்னாடி சார் போன்லேர்ந்து சேர்த்திருக்காங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான்.

"யாருங்க அது?"

"அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. எனக்குத் தெரியாம நம்ம வீட்டுப் பெட்டியில யாரோட நம்பர்?"

அவன் குரல் இறங்கியது. "அண்ணியோடது."

மாடியில் குடியிருக்கும் அவன் அண்ணன் மனைவி. வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்தபோது, தெருவாசல் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். அண்ணன் பின்பக்கமாகப் படி கட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "'மாடிப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கக் கூடாது'ன்னு சட்டம் போட்டது யாரு? மாடியில இருந்த துணிக்கொடியைக்கூட அவுத்துட்டு வந்து கீழ கட்டினது யாரு? இப்ப திருட்டுத்தனமா நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கீங்க!"

"அண்ணி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. கையில போன் இருந்திருக்கு, சிக்னல் இல்ல. அண்ணன் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஈரத்தரையில கிடந்திருக்காங்க. நீ இங்கதான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு வேலையில இருந்த. எனக்கே எதிர்வீட்டு டெய்லர் சொல்லித்தான் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இப்படித்தான் கத்துவியேன்னு."

"கத்தாம? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே உங்களுக்கு!"

"அண்ணிக்கே தெரியாது. பக்கத்துல ஏதோ புது டவர் வந்திருக்குன்னு டெய்லர்கிட்ட சொன்னாங்களாம். நீ எவ்வளவு வேணாலும் திட்டு. அந்த நம்பர் மட்டும் இருக்கட்டும்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். "சார், அஞ்சாவது ஒண்ணு இருக்கு."

"அஞ்சாவதா? நான் ஒண்ணுதானே போட்டேன்!"

மெக்கானிக் படித்தான். கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது எங்க அண்ணன் நம்பராச்சே! சத்தியமா இதை நான் போடல. அவர் மூஞ்சியில முழிக்கறதே இல்ல, இதுல நம்பர் வேறயா?"

"போன மாசம் பதினெட்டாம் தேதி சேர்ந்திருக்கு சார். மேடம் போன்லேர்ந்து."

அவள் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அன்னைக்கு மாடி அக்கா ஊர்ல இல்ல, கொட்டற மழை வேற" என்றாள். "குடையைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, நடுத்தெருவுல நின்னு உங்க அண்ணன் அவர் மகளோட போன்ல பேசறாரு. 'சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாம்மா'ன்னு கத்தறாரு. அந்தப் பொண்ணுக்குக் கேக்கவே இல்ல. முழங்கால் வலியோட அத்தனை படி இறங்கி வந்து... பார்க்கச் சகிக்கல. பழைய டைரியில தேடி எடுத்துப் போட்டேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கடைசி ரெண்டையும் ஏத்தவா, வேணாமா?" மெக்கானிக் கேட்டான்.

"ஏத்துங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் போகிறவரை காத்திருந்து, கணவன் கேட்டான்:

"நீயே போட்டுட்டு, அப்புறம் எதுக்கு என்னை அந்தக் காய்ச்சு காய்ச்சின?"

"பின்ன என்ன? மூணு மாசத்துக்கு முன்னாடியே நீங்க வாயைத் திறந்திருந்தா, எதிர்ல வர்ற அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பேனா? உங்களுக்குப் பயந்துதானேங்க, இந்த ரெண்டு வருஷமா நானும் கோபமா இருக்கேன்!"