சிரித்துக்கொண்டே ஏமாந்தவன்

காலையிலிருந்து மூன்றாவது முறையாக ஏமாந்துகொண்டிருந்தான் வெற்றிவேல். அதுவும் சிரித்த முகமாக.

குதிரைமேல் உட்கார்ந்து ஒரே ஒரு போட்டோ என்றுதான் பேச்சு. இறங்கியதும் குதிரைக்காரன் ஒரு கத்தை போட்டோவை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு கேட்டான்.

தனுஷாவுக்கு வயிறு எரிந்தது. "மாமா, ஒண்ணுதான பேசினோம்? குடுக்காத, வா போலாம்."

"வுடு புள்ள, பாவம். சீசன் இல்லாத நேரம்" என்று பர்ஸைத் திறந்தான் அவள் புருஷன்.

சீசன் இல்லாததுதான் பிரச்சினையே. கோடை விடுமுறைக் கூட்டம் போய்விட்டது, டிசம்பர் கூட்டம் இன்னும் வரவில்லை. வெறிச்சோடிக் கிடந்த அந்தக் கடற்கரையில், பிழைக்க வந்தவன் அத்தனை பேருக்கும் இவர்கள் இரண்டு பேர்தான் கண்ணில் பட்டார்கள்.

இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான், கடற்கரை ஊர்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று போனில் இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தாள் தனுஷா. என்ன பிரயோஜனம்? நீங்கள் சொல்லும் லாட்ஜில் வெள்ளையடிக்கிறார்கள் என்று ஆட்டோக்காரன் சொன்னதும், "பொய் சொல்றான் மாமா" என்று காதைக் கடித்தாள். வெற்றிவேல் தலையாட்டிவிட்டு, அவன் காட்டிய லாட்ஜுக்கே போனான். லைட்டரைக் காட்டினால் உருகிவிடும் பிளாஸ்டிக் மணிமாலையை, அசல் முத்து என்று ஒருத்தன் சத்தியம் செய்தான். அதையும் வாங்கினான்.

இவனா, தியாகதுருகம் சந்தையில் கறிவேப்பிலைக்குக் கூட பேரம் பேசுகிறவன்?

ஒரு மாதம் முன்பு சண்டை வந்ததே அந்தக் கஞ்சத்தனத்தால்தான். "கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு எடம் கூட்டிக்கினு போயிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எலவனாசூர்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். முந்தாநாள் திடீரென்று வந்து நின்றான். "கடலுக்குப் போலாம், வா."

அம்மா ராணியம்மாள்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "போய்ட்டு வா. திரும்பி வரப்ப மனசு ஒத்துப்போனா அவங்கூடவே தியாகதுருகம் போ. இல்லன்னா நம்மூருல எறங்கிக்க. ஒன்னும் கொறஞ்சி பூடாது."

அதனால் இது தனுஷாவுக்கு வெறும் கடல் பார்க்கிற பயணம் இல்லை. இவனோடு இனி வாழ்வதா வேண்டாமா என்று பார்க்கிற பயணம்.

போட்டோவுக்குக் காசு கொடுத்த பிறகும் வெற்றிவேல் நகரவில்லை. குதிரையைத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

"குதுர சொந்தமா, வாடகையா? போட்டோ எங்க பிரிண்டு போடுறீங்க? யார்னா சண்டைக்கு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

குதிரைக்காரனும் குஷியாக எல்லாம் சொன்னான். ஆட்டோக்காரனிடமும் முத்துக்காரனிடமும் இதே கதைதான். தனுஷாவுக்கு இது புதிதில்லை. முதன்முதலாக மரவள்ளி போட்டபோதும், ஆத்தூர் பக்கம் முன்பின் தெரியாத ஒருவர் நிலத்துக்குப் போய், நாளெல்லாம் கேள்வி கேட்டு அவர் உயிரை எடுத்துவிட்டு வந்துதான் விதைக்குச்சியே வாங்கினான்.

சாயங்காலம் அலையில் கால் நனைத்தபடி நின்றார்கள். வெற்றிவேல் அந்தப் பிளாஸ்டிக் மணிமாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டான்.

"ஒனக்கு நல்லாத்தான் கீது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டை போட்டுக் காசைக் காப்பாற்றியிருந்தால் இந்தப் பயணமே கசந்திருக்கும். தன் மனசு நோகக் கூடாது என்றுதான் கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறான். அட பாவி மனுஷா, இத்தனை ஆசையை உள்ளே வைத்துக்கொண்டா ஏழு வருஷம் உம்மென்று இருந்தாய்?

மறுநாள் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் குரல் கொடுத்தார். "எலவனாசூர்கோட்டை எறங்குறவங்கல்லாம் வாங்க!"

தனுஷாவின் மடியில் துணிப்பை இருந்தது. வெற்றிவேல் அவளையே பார்த்தான். அவள் பையை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

பஸ் கிளம்பியது. அவன் பெருமூச்சு விட்டது அவளுக்கே கேட்டது. அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்காகத்தான மாமா இவ்ளோ ஏமாந்த?"

வெற்றிவேல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். முகமெல்லாம் சந்தோஷம்.

"யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத. கல்வராயன் மலையில அருவியாண்ட வண்டி நிறுத்துற எடம், ரெண்டு கடை, எல்லாம் இந்த வாட்டி நாந்தான் ஏலம் எடுத்துக்கீறேன். மழ புடிச்சா கூட்டம் அள்ளும்."

"சரி, அதுக்கும் நீ ஏமாந்ததுக்கும் இன்னா மாமா?"

"இன்னா புள்ள இப்டி கேக்குற? அவனுங்க பண்ணதுல எது நம்ம அருவில எடுபடும், சொல்லு!"