தொண்ணூற்றேழு

தையல் கடை மூலையில் இருக்கும் சின்ன டிவியில், இன்று காலை இறந்துபோன ஆட்டக்காரர் பழைய டெஸ்ட் மேட்ச் ஒன்றில் மட்டையைச் சுழற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறார். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறான். அவர் ஆடும்போது இவன் உட்காரக் கூடாது. இந்தக் கடையின் சட்டம் அது. முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே ஆட்டத்தை நேரடி ஒளிபரப்பில் பார்க்கும்போது, கால் கடுக்கிறதே என்று ஒரு நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தான். தொண்ணூற்றேழில் அவருடைய ஸ்டம்பு பறந்தது. இவன் அக்காவைக் கட்டிய தையல்காரர் அதைச் சொல்லிக்காட்டாத நாளே இல்லை. "முதல் பந்தையே எப்படித் தூக்குறான் பாரு! புதுப் பந்தாச்சே, கொஞ்சம் பொறுப்போம்னு தோணுச்சா அவனுக்கு?" என்கிறார் தையல்காரர், தைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி. "பொறுக்கத் தெரிஞ்சா அவன் ஏன் நமக்கு?" என்கிறான் இவன். இவன் முழங்காலில் வலிக்குக் கட்டியிருக்கும் பட்டை நழுவுகிறது. குனிந்தால் அவர் அவுட் ஆகிவிடுவாரோ என்று சரிசெய்யப் பயமாக இருக்கிறது. வாசல் வெயில் தரையில் கிடக்கும் வெட்டுத் துணிகள்மேல் ஏறுகிறது. டிவியில் தொண்ணூற்றேழு. தையல் மெஷின் நிற்கிறது. தையல்காரர் ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் தள்ளுகிறார். "உக்காரு மச்சான். நீ உக்காந்ததாலயா அவன் அவுட் ஆனான்? நான்தான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டிருந்தேன்." பந்து வீசுபவர் ஓடிவரத் தொடங்குகிறார். எலக்ட்ரீஷியன் ஸ்டூலைப் பார்க்கவில்லை. நிலையை இறுகப் பிடித்துக்கொள்கிறான். "இந்த ஒரு பந்து போகட்டும் மச்சான்."