தனித் தொட்டி

"சார், எனக்கு நாலு நாள் லீவு வேணும்."

ரிசப்ஷனில் உட்காரும் பெண் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றபடி கேட்டாள். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, தண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் திரும்பவே இல்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் முகப்பில் இருக்கும் பெரிய கண்ணாடித் தொட்டிக்காகப் புதிதாக வாங்கிய மீன்கள். வந்த மறுநாளே உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி. ஒட்டுண்ணி! அதனால் தனியாக வைத்து ராஜ வைத்தியம் நடக்கிறது. அவற்றுக்கு இடம் விட்ட ஃபைல்களெல்லாம் டாய்லெட் வாசலில் கிடக்கின்றன.

"எதுக்கு லீவு?"

"கண்ணு வலி சார். யாரோடயும் சேராம தனியா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தொத்திக்குமாம்."

"டாக்டருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். கண்ணுதானே வலிக்குது? போன் எடுக்கக் காதும் வாயும் போதாதா?"

"இல்ல சார், பக்கத்துல இருக்கறவங்களுக்கும்..."

"தொத்தும் தொத்தும்னு நெனச்சாத்தான் தொத்தும். அதை விடு. இங்க வா, இதைப் பாரு." மேனேஜரின் குரல் திடீரென்று குழைந்தது. "இந்தப் பூச்சி மீன் உடம்புல ஒட்டிக்கிட்டிருக்கற வரைக்கும் மருந்து எடுபடாது. கீழே விழுந்து, பெருகி, அடுத்த மீனைத் தேடிக் கிளம்பும் பாரு, அப்பதான் சாகும். அதுவரைக்கும் இதுங்களைக் கூட்டத்துல விடவே கூடாது. ஒண்ணை விட்டாக்கூட அத்தனையும் போச்சு. இந்த அடிப்படை அறிவுகூட இல்லாம மீன் வளர்க்க வந்துடறாங்க."

"புரியுது சார்," என்றாள். அவளுக்குப் புரிந்து என்ன பிரயோஜனம்?

"மத்தியானம் பாதித் தண்ணியை மாத்திட்டு மருந்து ஊத்திடு. இந்த வலையையும் மக்கையும் பெரிய தொட்டிப் பக்கமே கொண்டுபோயிடாதே. நீ பாட்டுக்கு லீவு போட்டா இதையெல்லாம் யார் பாக்கறது?"

அவள் போய் உட்கார்ந்ததுதான் தாமதம், அடுத்த மேஜை அக்கவுண்டன்ட் அடித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினார்.

"சார், வெள்ளிக்கிழமை எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணு ஏற்கெனவே போயிடுச்சு, இருக்கறது இது ஒண்ணுதான். அலையா அலைஞ்சு வாங்கின தேதி சார். நான் இந்தக் கண்ணு வலியை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டா ஆபரேஷனே பண்ண மாட்டாங்க. அந்தப் பொண்ணை அனுப்பிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கய்யா. ஆளுக்கொரு காரணம் வெச்சிருக்கீங்க!"

அக்கவுண்டன்ட் தள்ளித்தான் போட்டார். கம்ப்யூட்டர் வயர் விட்ட மட்டும். மூக்கில் கைக்குட்டையை வேறு கட்டிக்கொண்டார், கண்ணுக்கு எதைக் கட்டுவது என்று தெரியாமல்.

"மனுஷனா இவன்? கல்லுக்குக்கூடக் கொஞ்சம் ஈரம் இருக்கும்," என்று பல்லைக் கடித்தார்.

"எனக்கும் பயமாத்தான் சார் இருக்கு," என்றாள் அந்தப் பெண். "உங்கம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் எனக்குத்தானே?" சொல்லும்போதே கண் அரித்தது. துடைத்துக்கொண்டாள். அக்கவுண்டன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொள்ளவும் அவருக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பின்னாலேயே மேனேஜரும் போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "அம்மாடி, போதும், முதல்ல வெளியே வா!"

வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. அவளுடைய கைப்பையை அவரே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார்.

"நான்தாம்மா யோசிக்காம பேசிட்டேன். நீ வீட்டுக்குக் கிளம்பு. நாலு நாள் எதுக்கு? முழுசா குணமாகற வரைக்கும் இந்தப் பக்கமே வராதே. சம்பளத்துல ஒரு பைசா பிடிக்க மாட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. நோயாலா, நன்றியாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆபீஸ் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

அக்கவுண்டன்டுக்கு மனசு கேட்கவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் என்னவெல்லாம் பேசிவிட்டோம்! கைக்குட்டையை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

மேனேஜர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரை மக்கு மக்காக மொண்டு வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களைத் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுடுங்க. எங்கம்மாவுக்காக இவ்வளவு பெரிய மனசு பண்ணீங்களே, இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"உங்கம்மாவா? அவங்களுக்கு என்ன?" என்றார் மேனேஜர், மொள்ளுவதை நிறுத்தாமல். "கண்ணைத் துடைச்ச கையை அப்படியே தொட்டிக்குள்ள விடறாய்யா அவ! நல்லவேளை நான் பாத்தேன். மீனுக்குத் தொத்தியிருந்தா என்ன ஆகும்?"

அக்கவுண்டன்டின் கை பையில் திணித்த கைக்குட்டையைத் தேடியது.

மேனேஜர் எழுந்து, ஈரக் கையாலேயே டார்ச்சை எடுத்து அவருடைய கண்ணில் அடித்துப் பார்த்தார். இடது, வலது. திருப்தியாகத் தலையாட்டினார்.

"சுத்தமா இருக்கு. நாளையிலேர்ந்து மருந்து ஊத்தற வேலை உனக்குத்தான். நடுவுல ஒரு நாள் விட்டாலும் வைத்தியம் வீணாயிடும், அதனால வெள்ளிக்கிழமை லீவெல்லாம் கேக்காதே. பாவம்யா, வாயில்லா ஜீவனுங்க. நாமதானே மனசாட்சியோட பாத்துக்கணும்?"