கிளமென்டின் கடைசி நேரலை

கால்பந்து வீரர் கிளமென்டின் இறுதிச் சடங்கை தொலைக்காட்சியில் எல்லோருக்கும் இலவசமாகக் காட்டியாக வேண்டும் என்று அவர் இறந்த அன்றே அரசு அறிவித்துவிட்டது. வீட்டுக்குள் உடல் வந்ததிலிருந்து அடக்கம் வரை ஒளிபரப்பு ஒரு நொடியும் நிற்கக் கூடாது. வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குள் கேமராவோடு நின்றவள் அஞ்சுகம்.

கிளமென்டின் மனைவி ரோஸ்லின் காலையிலிருந்து அழவே இல்லை. சவப்பெட்டியை மூடும் நேரம் நெருங்கியதும் அஞ்சுகத்திடம் வந்தாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்தும்மா. அவர்கிட்ட பேசணும்."

"நிறுத்தினா சேனல் லைசென்ஸே போயிடும்க்கா."

"ஊரே பாக்குது. எப்படிம்மா பேசுவேன்?"

அஞ்சுகம் ஒளிபரப்பு மைக்கை அணைத்துவிட்டு, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தெருவில் காத்திருந்த கூட்டம் திரையில் நிறைந்தது.

அவள் காதில் மாட்டியிருந்த பேசும் கருவியில் தயாரிப்பாளர் கத்தினார். "என்னம்மா பண்றே? உள்ளே காட்டு!"

"ஜனங்களும் அஞ்சலி செலுத்தத்தான் சார் வந்திருக்காங்க. அவங்களையும் காட்டணுமில்ல?"

அவள் முதுகுக்குப் பின்னால் ரோஸ்லின் உடைந்து அழுதாள். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அது காதில் விழாமல் இருக்க, தயாரிப்பாளரின் கத்தலை அஞ்சுகம் இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டாள்.