பக்கத்து சீட்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இரண்டாவது முறையாக அணைந்தது.

பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

ஸ்டியரிங்கில் மரகதவல்லி. ஐம்பத்திரண்டு வயது. வேர்வையில் குங்குமம் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. வீட்டில் கார் இருக்கிறது. ஓட்டியவர்தான் படுத்துவிட்டார். வாரம் மூன்று நாள் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி.

பக்கத்து சீட்டில் அவள். கற்றுக்கொடுப்பவள்.

சொல்லித்தருவதில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அங்கே அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.



டிரைவிங் ஸ்கூலை ஆரம்பித்தது அப்பா. பெண்கள் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள்.

அம்மா அமலோற்பவம் முப்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருடம் இறங்கவில்லை.

நர்சுகள் வந்தார்கள். டீச்சர்கள் வந்தார்கள். கான்வென்ட் சிஸ்டர்கள் வந்தார்கள். மாமியாருக்குத் தெரியாமல் வந்தவர்களும் உண்டு.

யாராவது பயந்தால், "இன்னைக்கு வீட்ல என்ன குழம்பு?" என்று கேட்பாள். அவர்கள் புளி கரைத்துத் தாளித்து முடிப்பதற்குள் வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும்.

கற்றுக்கொடுக்க மகளையும் அம்மாதான் தயார் செய்தாள். அன்று அம்மாவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவள்போல் வண்டியைத் திக்கித் திக்கி ஓட்டினாள். இந்தப் பாலத்தில் மகளின் கால், கற்றுக்கொடுப்பவருக்கென்று பக்கத்து சீட்டிலும் வைத்திருக்கும் பிரேக்குக்குத் தானாகப் போனது.

"எடு" என்றாள் அம்மா. "நீ மிதிச்சுக்கிட்டே இருந்தா அவங்க எப்ப ஓட்டுறது?"

பிறகு அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். மதுரைக்குப் போனாள்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் போய்விட்டாள்.

மகள் அழவில்லை. கோயிலுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சவப்பெட்டிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து தனியாக உட்கார்ந்தபோது அழுகை எங்கோ போயிருந்தது.

நாற்பத்தோரு நாளாக வரவில்லை.

அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

லேடீஸ் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றார் அப்பா. வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது அவள்தான். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று இப்போது தெரியவில்லை.



மரகதவல்லி மறுபடி சாவியைத் திருப்பினார். முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டார்.

வண்டி முக்கியது. நடுங்கியது.

அணைந்தது.

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான்.

மரகதவல்லி அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

"பாப்பா, காலை எடுங்க."

குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வலது கால் பிரேக்கில் இருந்தது. அடிவரை அழுத்தியிருந்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

எடுத்தாள்.

இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. கண்ணாடியில் லாரியின் முகம் பெரிதானது.

அவள் மிதிக்கவில்லை.

மரகதவல்லி சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. பிடித்தது.

ஏறியது.

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. கீழே ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

பாலம் இறங்கியதும் மரகதவல்லி கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, சரியாக ஓரம்கட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாள் வகுப்புல உங்கம்மா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க."

"என்ன?"

"நான் வர லேட்டாகும், எம் பொண்ணு வருவா, என்னைவிட நல்லாச் சொல்லித்தருவான்னாங்க. பாலத்துல மட்டும் பிரேக்லேர்ந்து காலை எடுக்கமாட்டா, கோவிச்சுக்காதீங்கன்னாங்க. ஒரு தடவை அவளை மேல ஏத்திவிட்டுட்டீங்கன்னா சரியாயிடுவான்னாங்க."

பாலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு மரகதவல்லியே கேட்டார்.

"ஏத்திட்டேன்ல?"

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதியில் அது வேறாகிவிட்டது.

"இறங்கி நல்லா அழுதுட்டு வாங்க, பாப்பா."

சாலையோரம் ஒரு சைக்கிள் கடை. இன்னும் திறக்கவில்லை. இரும்புக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா, அம்மா என்று சத்தமாகவே அழுதாள். பக்கத்தில் இட்லி அவித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்காமல் இருந்தார்.

நாற்பத்தோரு நாளின் அழுகையும் வந்து தீர்ந்தது.

மூச்சு லேசானது. வெகு நாளைக்குப் பிறகு பசித்தது.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு புங்கமரத்தின் நிழலில், கோடு போட்டு வைத்தாற்போல நேராக.

ஜன்னல் வழியே மரகதவல்லி கையாட்டினார்.

"வெயில் அடிச்சுது! அதான்!"

தனியாக வண்டியை எடுத்ததற்குத் திட்டியிருக்க வேண்டும்.

நடுவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

அவள் சாலையைக் கடக்கவில்லை.

நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டினாள். வண்டியைத் திருப்பிக்கிட்டு வாங்க.