சொந்தப் பத்தாயம்

“அண்ணாச்சி, வர்ற மெயிலை அங்கன, மெயில் கம்பெனிக்காரன் இடத்துலயே விட்டு வச்சா போன்லயும் பாக்கலாம், கம்ப்யூட்டர்லயும் பாக்கலாம். இல்லன்னா எல்லாத்தையும் இதுக்குள்ள இறக்கிட்டு, அங்கன அழிச்சிரலாம். எப்படி வைக்கட்டும்?” வடகரை வீட்டில் புதுக் கம்ப்யூட்டரை மாட்டிக்கொண்டிருந்த புவனேஷ் கேட்டான்.

போலீஸில் இருந்து ஓய்வு பெற்றிருந்த சுடலைக்கண்ணு யாரையும் லேசில் நம்பமாட்டார். “ஏலே, நம்ம நெல்லை அடுத்தவன் பத்தாயத்துலயா கொட்டுவாவ? இறக்கிட்டு அழிச்சிரு.”

பத்து நாள் கழித்து, மகள் அபி போனும் கையுமாக உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“பெங்களூர் கம்பெனிக்காரன் என்னட்டி சொல்லுதான்?”

“இன்டர்வியூல நல்லாத்தாம்ப்பா பேசினாங்க. ஆர்டரை மெயில்ல அனுப்புதோம்னாங்க. ஒண்ணும் வரலை.”

“அவன் எங்க அனுப்புவான்? எஸ்.ஐ. பரீட்சை எழுதுன்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தான?”

“விளம்பரம்கூட வரமாட்டேங்குதுப்பா.”

“எனக்கு நித்தம் வந்து குவியுதே! நான் ஒண்ணையும் திறந்து பாக்கதில்ல,” என்றார் பெருமையாக.

அபி நிமிர்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பா பெயரில் தொடங்கிய ஒரே மெயில் ஐடிதான் இன்றைக்கும் அந்த வீட்டில் எல்லோருக்கும்.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வேலை உத்தரவு இருந்தது. மூன்று நாளுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் ரத்து என்றும் இருந்தது. அது வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த சுடலைக்கண்ணு சொன்னார்:

“பாத்தியா? அங்கனயே விட்டிருந்தா எவனாவது அழிச்சிருப்பான். இங்கன எம்புட்டுப் பத்திரமா இருக்கு!”